கணக்கை மூடுகிறவர் காரணம் சொல்ல வேண்டுமா?

ரொறன்ரோவில் காலை, லண்டனில் மதியம் தாண்டிவிட்டது, சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இரவு. இலக்கியக் கூட்டத்தில் பேபால், வங்கிக் கணக்கு, நிதி திரட்டும் தளம் என்று பேச வந்திருக்கிறானே என்று சிலர் நினைக்கலாம். இன்று ஒரு சிற்றிதழின் சந்தா, ஒரு நூலகத்துக்கான நன்கொடை, ஒரு நாடகத்தின் நுழைவுச்சீட்டு எல்லாம் இந்தத் தளங்களின் வழியாகத்தான் போகின்றன. அந்தக் குழாயை ஒருவர் திருகி மூடினால் அதற்கு மேலே இருக்கும் இலக்கியமும் நின்றுபோகும். ஆகவே கேள்வி இதுதான்: சர்ச்சைக்குரியவர் என்று கருதப்படும் ஒரு வாடிக்கையாளரிடம் பணத் தளத்துக்குச் சட்டப்படி என்ன கடமை இருக்கிறது? இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் ரொறன்ரோத் தமிழருக்கு ஒரு பெரிய பங்கும் உண்டு.

உண்டியலில் இருந்து தொடங்குகிறேன். தொண்ணூறுகளில் ஸ்காபரோவில் இருந்து ஊருக்குக் காசு அனுப்பியவர்களுக்கு இது தெரியும். மளிகைக் கடையோ நகைக் கடையோ பயண முகவர் அலுவலகமோ, அதன் பின்பக்கத்தில் ஒருவர் இருப்பார். டாலரை எண்ணிக் கொடுப்போம். அவர் ஒரு தொலைபேசி அழைப்பு எடுப்பார். இரண்டு நாளில் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ அம்மாவின் கையில் ரூபாய் போய்ச் சேரும். வங்கி இல்லாத இடத்துக்கும் அது போனது. இதைப் புனிதமான ஏற்பாடு என்று நான் சொல்லமாட்டேன். ஏமாந்தவர்களும் உண்டு, பங்கு கேட்டு வந்தவர்களும் உண்டு. ஆனால் உண்டியல்காரர் உங்கள் காசை வாங்க மறுத்தால் அவர் முகத்தைப் பார்த்து ‘ஏன்?’ என்று கேட்கலாம். பதில் பொய்யாகக்கூட இருக்கலாம். ஆனாலும் ஒரு பதில் இருக்கும்.

வங்கிகள் விஷயத்தில் பழைய ஆங்கிலப் பொதுச்சட்டமும் ஏறக்குறைய அந்த முறையில்தான் இருந்தது. 1921இல் லண்டனில் ‘யோவாக்கிம்சன் எதிர் சுவிஸ் வங்கிக் கழகம்’ என்று ஒரு வழக்கு. முதல் உலகப் போர் வெடித்த ஆகஸ்டில் பங்காளி ஒருவர் இறந்து, இன்னொருவர் எதிரி நாட்டவராகிப்போன ஒரு கூட்டு நிறுவனத்தின் கணக்கைப் பற்றியது. அதாவது, அந்தக் காலத்துச் சர்ச்சைக்குரிய வாடிக்கையாளர். வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையில் எழுதப்படாத ஒப்பந்தத்தில் என்னென்ன அடங்கும் என்று அட்கின் பிரபு அந்தத் தீர்ப்பில் வரிசைப்படுத்தினார். அதில் ஒன்று, நியாயமான முன்னறிவித்தல் கொடுக்காமல் வங்கி கணக்கை நிறுத்தக்கூடாது என்பது. இரண்டு ஆண்டுகள் கழித்து லொயிட்ஸ் வங்கிக்கு எதிரான இன்னொரு வழக்கில், அந்த வாடிக்கையாளரின் தொழில் நிலைமையைப் பார்க்கையில் ஒரு மாத அவகாசம்கூடப் போதாது என்று நீதிமன்றம் சொன்னது. காரணம் சொல்ல வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. நேரம் கொடு என்றுதான் கேட்டது. அந்த மரபுதான் கனடாவின் ஆங்கிலச் சட்ட மாகாணங்களுக்கும் வந்தது.

கனடா 2003இல் ஒரு படி மேலே போனது. வேலை இல்லாதவர், கடனில் மூழ்கி வங்குரோத்து ஆனவர் என்றாலும் அடையாள ஆவணம் காட்டினால் வங்கி தனிநபர் கணக்குத் திறந்து கொடுக்கவேண்டும், மறுத்தால் எழுத்தில் மறுக்கவேண்டும், எங்கே முறையிடலாம் என்று சொல்லவேண்டும் என்று விதி செய்தது. புதிதாக வந்த அகதிகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே விளக்கத் தேவையில்லை. ஆனால் இது வங்கிகளுக்கான விதி. பேபாலுக்கும் ஸ்ட்ரைப்புக்கும் கோஃபண்ட்மீக்கும் அல்ல.

இனி, இரண்டு தேதிகளை உங்கள் முன் வைக்கிறேன். இந்த உரைக்காகக் குறிப்பெடுக்கும்போது என்னை நிறுத்திவைத்தவை இவை.

முதலாவது 2001 டிசம்பர் 18. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் கனடா அவசரமாகக் கொண்டுவந்த பயங்கரவாத எதிர்ப்புச் சட்டம் அன்று அரச ஒப்புதல் பெற்றது. குற்றவியல் சட்டக்கோவையில் 83 என்று தொடங்கும் பிரிவுகள் முளைத்தன. பட்டியலிடப்பட்ட இயக்கத்தின் சொத்தை அறிந்துகொண்டு யாரும் கையாளக்கூடாது; கையில் இருந்தால் பொலிசுக்கும் உளவுத்துறைக்கும் அறிவிக்கவேண்டும்; நிதி நிறுவனங்கள் தம்மிடம் அப்படிப்பட்ட சொத்து இருக்கிறதா என்று தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். 2000ஆம் ஆண்டு பணச்சலவையைக் கண்காணிக்க உருவான ஃபின்ட்ராக் என்ற அமைப்புக்குப் பயங்கரவாத நிதியும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது.

இரண்டாவது 2002 ஜனவரி 11. இருபத்து நான்கே நாள் இடைவெளி. அன்று கனடாவின் உச்ச நீதிமன்றம் சுரேஷ் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மாணிக்கவாசகம் சுரேஷ் ரொறன்ரோவில் உலகத் தமிழர் இயக்கத்தின் ஒருங்கிணைப்பாளராக இருந்தவர். 1991இல் அகதியாக ஏற்கப்பட்டு, 1995இல் கைதானவர். அவர் மீது சொல்லப்பட்டது பெரும்பாலும் நிதி சேகரிப்பைப் பற்றியதுதான். குண்டு வைத்தார் என்றல்ல. அவரை நாடு கடத்த அமைச்சர் முடிவெடுத்தபோது, அந்த முடிவுக்கு அடிப்படையான அதிகாரியின் குறிப்பு அவருக்குக் காட்டப்படவில்லை. உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: சித்திரவதை ஆபத்து இருப்பதாக முதற்பார்வையில் காட்டக்கூடிய ஒருவருக்கு, அவருக்கு எதிராக என்ன சொல்லப்படுகிறது என்பதைத் தெரிவிக்கவேண்டும், எழுத்தில் பதில் சொல்ல இடம் கொடுக்கவேண்டும், அமைச்சர் எழுத்தில் காரணம் தரவேண்டும். கனடாவின் சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கப்படும் தீர்ப்பு இது.

அரசாங்கம் காரணம் சொல்லியே ஆகவேண்டும் என்று ஒரு தமிழரின் வழக்கில் நாட்டின் உச்ச நீதிமன்றம் சொல்கிறது. அதே குளிர்காலத்தில், காரணம் சொல்லாமலே கதவடைக்கும் வேலையை நாடாளுமன்றம் வங்கிக்கும் பணம் அனுப்பும் கடைக்கும் ஒப்படைக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை. அமைச்சரை உரிமைகள் சாசனம் கட்டும். தனியார் நிறுவனத்தைக் கட்டாது. தனியாருக்கு இடையிலான வழக்குகளில் சாசனம் நேரடியாகப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1986இலேயே, டொல்ஃபின் டெலிவரி வழக்கில், சொல்லிவிட்டது.

அடுத்து நடந்தவை பலருக்கு ஞாபகம் இருக்கும். 2006 மார்ச்சில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச், ரொறன்ரோவிலும் லண்டனிலும் தமிழரிடம் ‘இறுதிப் போர்’ என்று சொல்லி எப்படி மிரட்டிப் பணம் கேட்கப்பட்டது என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. அதை எதிரியின் பிரசாரம் என்று அன்று ஒதுக்கியவர்கள் பலர். ஆனால் கதவைத் தட்டியவர்களை அறிந்தவர்கள் நம் மத்தியில் இருந்தார்கள். அந்த ஏப்ரலில் கனடா விடுதலைப் புலிகளைப் பட்டியலிட்டது. 2008 ஜூனில் உலகத் தமிழர் இயக்கத்தையும் பட்டியலிட்டது. அதே மாதம் 23ஆம் தேதி முதல் பணம் அனுப்பும் தொழில் செய்யும் ஒவ்வொருவரும் ஃபின்ட்ராக்கில் பதிவு செய்யவேண்டும் என்றாயிற்று. உண்டியல்காரருக்கு முன் இரண்டு வழிதான்: பதிவு செய், அல்லது கடையை மூடு.

கனடாவில் பயங்கரவாத நிதிக்காகக் குற்றத்தீர்ப்புப் பெற்ற முதல் மனிதர் ஒன்ராறியோவைச் சேர்ந்த ஒரு தமிழர். 2008இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வீடு வீடாகப் போய் நிதி சேகரித்தபோது கைதானார். அவர் கையில் சேர்ந்திருந்தது சுமார் 600 டாலர். 2010 மே மாதம் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆறு மாதச் சிறை பெற்றார். அரசுத்தரப்பு தண்டனை போதாது என்று மேன்முறையீடு செய்தும் ஆறு மாதமே நிலைத்தது. இந்தத் தொகையை ஞாபகத்தில் வைத்திருங்கள். இதன் பாடம் நீதிமன்றத்தைவிட இணக்கப் பிரிவு அலுவலர்களுக்குத்தான் நன்றாகப் புரிந்தது: 600 டாலரும் ஆபத்து. 2004 சுனாமி நேரத்தில் தமிழர் புனர்வாழ்வுக் கழகத்துக்கு நாம் அள்ளிக் கொடுத்ததும், 2007 நவம்பரில் அமெரிக்கத் திறைசேரி அதே அமைப்பின் சொத்துகளை முடக்கியதும் இந்த வரிசையில்தான் வருகின்றன. நேற்று கொடுத்த நன்கொடை இன்று எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று யாருக்கும் நிச்சயம் இல்லை.

ஒரு பணத் தளத்தின் இடத்தில் இருந்து இதைப் பாருங்கள். சந்தேகத்துக்குரிய பரிமாற்றத்தை அறிவிக்காவிட்டால் தண்டம், குற்றவழக்கு. நல்லெண்ணத்தோடு அறிவித்தால் யாரும் வழக்குப் போடமுடியாதபடி சட்டப் பாதுகாப்பு. பட்டியலிடப்பட்ட இயக்கத்தின் சொத்து என்று நியாயமாக நம்பி, பார்க்கவேண்டியதை எல்லாம் பார்த்து முடக்கினால், அது தவறாகப் போனாலும் 83.08ஆம் பிரிவு சிவில் வழக்கில் இருந்து காப்பாற்றும். விசாரணையைக் குலைக்கும் நோக்கத்தோடு, உன்னைப் பற்றி அறிவித்திருக்கிறேன் என்று வாடிக்கையாளரிடம் சொல்வது குற்றம். அந்த நோக்கம் இல்லாமல் சொன்னாலும் மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில், ஒன்றுமே சொல்லாதிருப்பதே பாதுகாப்பு என்று ஆகிவிட்டது. ஆக ஒரு பக்கம் கடமைகளின் அடுக்கு, மறு பக்கம் அநேகமாக வெறுமை. மூடுவதற்குச் செலவில்லை. திறந்து வைத்திருப்பதற்குத்தான் செலவு. நூறு கணக்கு மூடிய அலுவலரை யாரும் வேலையை விட்டுத் தூக்கியதில்லை. ஒரு கணக்கைத் தவறாகத் திறந்துவைத்தவர்தான் மாட்டிக்கொள்வார்.

இதன் வேடிக்கையான விளைவு ஒன்று 2017இல் மனிடோபாவில் நடந்தது. ஃபிளின் ஃபிளொன் என்ற சுரங்க ஊரில் ஒரு சின்னப் பத்திரிகை. ஊரில் குடியேறிய ஒரு சிரிய அகதிக் குடும்பத்தைப் பற்றி நல்ல கட்டுரை ஒன்று போட்டிருந்தார்கள். அதைக் கனடியப் பத்திரிகைச் சங்கத்தின் பரிசுப் போட்டிக்கு அனுப்பி, நுழைவுக் கட்டணத்தைப் பேபால் வழியாகக் கட்டினார்கள். கட்டுரைத் தலைப்பில் ‘சிரிய’ என்ற சொல் இருந்தது. சங்கத்தின் கணக்கு முடங்கியது. செய்தி வெளியான பின்தான் விஷயம் சரியானது. ‘சிரிய’ என்று வந்ததே இப்படியென்றால், ‘ஈழம்’, ‘வன்னி’, ‘மாவீரர்’ என்ற சொற்கள் வரும் ஒரு கவிதைத் தொகுப்பின் விலையைக் கட்டுகிறவர் என்ன எதிர்பார்க்கலாம் என்று யோசித்துப் பாருங்கள். நம்முடைய பெயர்களும் ஒரு பிரச்சினை. அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக வைக்கிற சமூகத்தில் ஒரே இரண்டு பெயர் சேர்க்கை நூறு பேருக்கு இருக்கும். கணினிக்கு அது ஒரே ஆள்.

உலகம் இந்தக் கேள்வியை முதலில் கவனித்தது நம் வழியாக அல்ல, விக்கிலீக்ஸ் வழியாக. 2010 டிசம்பரில் பேபால், விசா, மாஸ்டர்கார்ட் மூன்றும் சில நாட்களுக்குள் அதற்குப் பணம் போகும் வழியை அடைத்தன. எந்த நீதிமன்றமும் உத்தரவிடவில்லை. அமெரிக்க வெளியுறவுத்துறையின் ஒரு கடிதத்தைப் பேபால் அதிகாரி காரணமாகக் காட்டினார். அந்தக் கடிதம் விக்கிலீக்ஸுக்கு எழுதப்பட்டது, பேபாலுக்கு அல்ல. இதற்கு ஒரு நீதிமன்றம் பதில் சொன்னது ஐஸ்லாந்தில். அங்கே கார்டுப் பணத்தைக் கையாளும் வாலிட்டோர் என்ற நிறுவனம், விக்கிலீக்ஸுக்கு நன்கொடை வாங்கிக்கொடுத்த டேட்டாசெல் நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தை 2011 ஜூலையில் முறித்தது. 2013 ஏப்ரல் 24 அன்று ஐஸ்லாந்து உச்ச நீதிமன்றம் அந்த முறிப்பு செல்லாது என்றது. பதினைந்து நாளில் வழியைத் திற, திறக்காவிட்டால் நாளொன்றுக்கு எட்டு லட்சம் குரோனா தண்டம். பேச்சுரிமையின் மாபெரும் வெற்றி என்று பத்திரிகைகள் எழுதின. அது அவ்வளவு பெரிதல்ல. வழக்கு நின்றது ஒப்பந்தச் சட்டத்தின் மேல். சட்டப்படி நியாயமான காரணம் இல்லாமல் ஒப்பந்தத்தை முறித்தாய், அவ்வளவுதான். ஆனால் ஒரு பெரிய கேள்விக்குச் சின்னச் சட்டம் பதில் சொல்லியது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. கனடாவிலும் அந்தச் சின்னச் சட்டத்தைத்தான் நாம் தேடவேண்டியிருக்கும். அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது ஒரு சாலை மறியலில் இருந்து இன்னொன்றுக்கு.

2009 மே 10, ஞாயிறு, அன்னையர் தினம். முள்ளிவாய்க்காலில் இறந்துகொண்டிருந்தார்கள். ரொறன்ரோத் தமிழர் ஆயிரக்கணக்கில் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி உட்கார்ந்தார்கள். குழந்தை வண்டியோடு வந்த தாய்மார் உண்டு. பல மணி நேரம் நகரத்தின் பெரிய பாதை நின்றது. அதற்கு முன் ஏப்ரல் இறுதியில் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு எதிரே யுனிவர்சிட்டி அவெனியூ நாள் கணக்கில் அடைபட்டிருந்தது. சட்டம் பட்டியலிட்ட ஓர் இயக்கத்தின் கொடி கூட்டத்தில் வெளிப்படையாகப் பறந்தது. நகரத்தின் கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. வானொலியில் பேசியவர்கள் நம்மைப் பற்றிச் சொன்னவற்றைத் திரும்பச் சொல்ல விருப்பமில்லை. ஆனால் அன்று சாலையில் இருந்தவர்களின் வங்கிக் கணக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. அப்படி ஒன்று செய்யலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

2022 ஜனவரி இறுதியில் ஒட்டாவாவுக்குக் கனரக வண்டிகள் வந்தன. தடுப்பூசிக் கட்டாயத்தை எதிர்த்த ‘சுதந்திரத் தொடரணி’. கோஃபண்ட்மீயில் ஒரு கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. பெப்ரவரி 4ஆம் தேதி தளம் அந்த நிதி திரட்டலை மூடியது. விண்ணப்பித்துக் கேட்காதவர்களின் பணம் வேறு அறநிலையங்களுக்குப் போகும் என்றது. கூச்சல் எழுந்ததும் மறுநாளே எல்லோருக்கும் தானாகத் திருப்பிக் கொடுப்பதாக மாற்றிக்கொண்டது. பணம் கிவ்செண்ட்கோ என்ற இன்னொரு தளத்துக்குப் போனது. ஒன்ராறியோ நீதிமன்றம் ஒன்று பெப்ரவரி 10இல் அந்த நன்கொடைகளைத் தடுத்து உத்தரவிட்டது. இரண்டு மூன்று நாளில் தளம் ஊடுருவப்பட்டு, 90,000க்கும் மேற்பட்ட நன்கொடையாளரின் பெயர்கள் வெளியே கொட்டின. ஒன்ராறியோவின் ஓர் அமைச்சருக்குத் தகவல் தொடர்பு பார்த்தவர் 100 டாலர் கொடுத்தது வெளியாகி, அவர் பதவியில் இல்லாமல் போனார்.

பெப்ரவரி 14 அன்று மத்திய அரசு அவசரநிலைச் சட்டத்தை, அது 1988இல் வந்ததிலிருந்து முதல் முறையாக, எடுத்தது. மறுநாள் அவசரப் பொருளாதார நடவடிக்கை உத்தரவு. தடைசெய்யப்பட்ட கூட்டத்தில் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஈடுபடுகிறவர்களோடு வங்கி, கடன் சங்கம், காப்புறுதி நிறுவனம், பணத் தளம், நிதி திரட்டும் தளம் யாரும் தொடர்பு வைக்கக்கூடாது. நீதிமன்ற உத்தரவு தேவையில்லை. முன்னறிவித்தல் தேவையில்லை. உத்தரவைப் பின்பற்றிய நிறுவனத்தின் மீது வழக்குப் போடமுடியாது. வாசிக்கும்போதே தெரிகிறதல்லவா? 2001இல் பயங்கரவாதத்துக்கென்று செய்த அச்சில்தான் இதையும் வார்த்திருக்கிறார்கள். 200க்கும் மேற்பட்ட கணக்குகளில் 78 லட்சம் டாலர் முடங்கியது. சிலரின் வாழ்க்கைத்துணையும் கூட்டுக் கணக்கில் கைவிடமுடியாமல் நின்றார்கள். 23ஆம் தேதி எல்லாம் திரும்பப் பெறப்பட்டது.

எனக்கு அந்தத் தொடரணியின் கோரிக்கைகளில் உடன்பாடு இல்லை. ஒட்டாவாவாசிகள் இரவு பகல் ஹோர்ன் சத்தத்தில் பட்ட பாடு உண்மை. ஆனாலும் அந்த உத்தரவை முதன்முதலாகப் படித்தபோது நான் நினைத்தது கார்டினர் நெடுஞ்சாலையை. இதே காகிதம் 2009இல் இருந்திருந்தால்? அந்தத் தாய்மாரின் வீட்டுக்கடன் தவணை போகும் கணக்கு, பிள்ளையின் பராமரிப்பு நிலையத்துக்குக் கட்டும் கணக்கு? எதிரிக்கு நடக்கும்போது சந்தோஷப்பட்ட நம் நண்பர்கள் சிலரிடம் இதைச் சொன்னேன். ‘அது வேறு, இது வேறு’ என்றார்கள். சட்டத்தின் வாசகத்தில் எங்கே வேறு என்று நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

2023 பெப்ரவரியில் நீதியரசர் ரூலோவின் விசாரணை ஆணையம் அவசரநிலையை அறிவித்தது சட்டத்தின் எல்லைக்குள் வருகிறது என்று, தயக்கத்தோடு, சொன்னது. ஆனால் போராட்டத்தை விட்டு விலகியவர் தன் கணக்கை எப்படித் திறப்பது என்பதற்கு உத்தரவில் தெளிவான வழி இல்லாததைக் குறையாகக் குறித்தது. 2024 ஜனவரி 23 அன்று கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதியரசர் மோஸ்லி, அவசரநிலை அறிவிப்பே நியாயமற்றது என்றும், கருத்துரிமையையும், நியாயமற்ற தேடுதலில் இருந்து பாதுகாக்கும் சாசனத்தின் 8ஆம் பிரிவையும் மீறியது என்றும் தீர்ப்பளித்தார். அரசு மேன்முறையீடு செய்தது.

பலரும் கவனிக்காதது இன்னொன்று. அவசரநிலை ஒன்பது நாளில் போய்விட்டது. அதன் ஒரு துண்டு போகவில்லை. 2022 ஏப்ரல் 27 முதல் நிதி திரட்டும் தளங்களும் பணம் செலுத்தும் சேவைகளும் நிரந்தரமாக ஃபின்ட்ராக்கின் கீழ் வந்தன. முன்பு உண்டியல்காரருக்கு விதித்த அதே கடமைகள்: பதிவு, அடையாளம் பார்த்தல், சந்தேகத்தை அறிவித்தல். பணத் தளங்களுக்கென்றே 2021இல் நிறைவேறிய சில்லறைக் கொடுப்பனவுச் சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வந்து, 2025 செப்டம்பரில் அதன் முக்கியக் கடமைகள் உயிர்பெற்றன. கனடா வங்கி மேற்பார்வை செய்கிறது. அந்தச் சட்டம் தளத்திடம் என்ன கேட்கிறது? வாடிக்கையாளரின் பணத்தைத் தன் பணத்தோடு கலக்காமல் பாதுகாப்பாக வை. கணினிக் கோளாறுக்கு ஆயத்தமாக இரு. பெரிய கோளாறு வந்தால் அறிவி. நல்ல விதிகள்தான். கணக்கை மூடினால் காரணம் சொல், அவகாசம் கொடு, முறையீட்டைக் கேள் என்பது அதில் இல்லை. பணத்தைப் பத்திரமாக வைக்கவேண்டும். வாடிக்கையாளரை வைத்திருக்கவேண்டியதில்லை.

சரி, மூடப்பட்டவர் என்ன செய்யலாம்? நான் வழக்கறிஞன் அல்ல. படித்ததைச் சொல்கிறேன்.

ஒன்ராறியோவின் மனித உரிமைச் சட்டக்கோவை, சேவை வழங்குவதில் இனம், பூர்வீகம், பிறந்த இடம், மதம் போன்றவற்றால் வேறுபாடு காட்டக்கூடாது என்கிறது. ‘தமிழர் என்பதால் மூடினார்கள்’ என்று காட்டமுடிந்தால் வழி உண்டு. ‘என் அரசியல் கருத்துக்காக மூடினார்கள்’ என்றால் வழி இல்லை; அரசியல் கருத்து அந்தப் பட்டியலில் இல்லை. கியூபெக்கின் சாசனத்தில் அரசியல் நம்பிக்கை இருக்கிறது. ஆகவே மொன்றியல் தமிழருக்கு உள்ள ஒரு வாதம் ஸ்காபரோத் தமிழருக்கு இல்லை. நம் விஷயத்தில் இனமும் அரசியலும் எங்கே பிரிகின்றன என்று கோடு போடுவது யாருக்கும் எளிதல்ல.

மிச்சம் இருப்பது நான் சொன்ன அந்தச் சின்னச் சட்டம், ஒப்பந்தச் சட்டம். 2014இல் உச்ச நீதிமன்றம் பாசின் வழக்கில் ஒரு புதிய அடி எடுத்து வைத்தது. பாசின் அல்பேர்ட்டாவில் பிள்ளைகளின் கல்விச் சேமிப்புத் திட்டங்களை விற்றவர். நிறுவனம் அவரிடம் உண்மையை மறைத்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டது. எல்லா ஒப்பந்தங்களிலும் நேர்மையாக நடந்துகொள்ளும் கடமை உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. 2021இல் வன்கூவரின் குப்பை ஏற்றும் ஒப்பந்தம் ஒன்றில், ஒப்பந்தம் கொடுத்த தன்விருப்ப அதிகாரத்தை அது கொடுக்கப்பட்ட நோக்கத்துக்கு ஏற்பப் பயன்படுத்தவேண்டும் என்று சேர்த்தது. ‘எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்கும் கணக்கை நிறுத்தலாம்’ என்று எழுதிவைத்திருக்கும் தளத்துக்கு எதிராக வைக்கக்கூடிய ஆயுதங்கள் இவை. கூர்மை போதாது என்பதும் உண்மை. பொய் சொல்லக்கூடாது என்கிறது சட்டம். வாயைத் திறக்கவேண்டும் என்று அது சொல்லவில்லை.

வழக்கை எங்கே போடுவது என்பது இன்னொரு சுவர். அதில் ஒரு கல்லைப் பெயர்த்தது ரொறன்ரோவில் ஊபர் வழியாக உணவு கொண்டுபோய்க் கொடுத்த ஒருவரின் வழக்கு. பிணக்கு வந்தால் நெதர்லாந்தில் நடுவர் விசாரணை, தொடங்கவே 14,500 அமெரிக்க டாலர் கட்டணம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. ஓட்டுநரின் ஓராண்டு வருமானத்தின் பெரும்பகுதி அது. 2020 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனை செல்லாது என்றது. பணத் தளங்களின் நீண்ட நிபந்தனைகளுக்குள்ளும் இப்படிப்பட்டவை ஒளிந்திருக்கின்றன. நம்மில் ஒருவரும் படிக்காமல் ‘சம்மதம்’ அழுத்தியவைதான்.

என் கருத்தைக் கேட்டால், குறைந்தது 1921இன் சட்டமாவது வேண்டும் என்பேன். நியாயமான அவகாசம், தேங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஒரு கெடு, விசாரணையைக் கெடுக்காத அளவுக்கு ஒரு காரணம், ஒரு மனிதர் படிக்கும் முறையீடு. தளம் எல்லோரையும் வைத்திருந்தே ஆகவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. மிரட்டிப் பணம் பறிக்கும் ஒருவருக்குக் கதவைத் திறந்துவைக்கச் சட்டம் கட்டாயப்படுத்தினால் அதில் முதலில் பாதிக்கப்படுவதும் நம் வீடுகள்தான்.

அரசு பின்கதவால் வருவதும் உண்டு. 2022 ஜூலையில் இந்தியாவில் ஆல்ட் நியூஸ் என்ற செய்தி சரிபார்ப்புத் தளத்தின் நன்கொடையாளர் விவரங்களை ரேசர்பே நிறுவனம் டெல்லி பொலிசிடம் கொடுத்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 91ஆம் பிரிவின் கீழ் எழுத்தில் உத்தரவு வந்தது, கொடுத்தோம் என்றது. ஆல்ட் நியூஸுக்கு முன்கூட்டித் தெரியாது. நூறு ரூபாய் கொடுத்தவர்களும் தங்கள் பெயர் பொலிஸ் கோப்பில் இருப்பதைச் செய்தியில் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

கடைசியாகக் கொழும்பு. 2014 மார்ச் 21 தேதியிட்ட வர்த்தமானியில் இலங்கை அரசு 16 அமைப்புகளையும் 424 பேரையும் பயங்கரவாதத்தோடு தொடர்புடையவர்கள் என்று அறிவித்தது. ரொறன்ரோவில் வெளிப்படையாக இயங்கும் கனடியத் தமிழர் பேரவையும் அதில் இருந்தது. கனடாவின் சட்டப்படி அது ஒன்றுமில்லை. வேறொரு நாட்டின் வர்த்தமானி இங்கே யாரையும் கட்டாது. ஆனால் உலகத்து வர்த்தமானிகளையும் செய்திகளையும் திரட்டி, ‘ஆபத்தானவர்’ பட்டியலாக வங்கிகளுக்கும் தளங்களுக்கும் விற்கும் தனியார் தரவு நிறுவனங்கள் உண்டு. லண்டனின் ஃபின்ஸ்பரி பார்க் பள்ளிவாசலின் கணக்கை எச்.எஸ்.பி.சி. வங்கி 2014இல் காரணம் விளக்காமல் மூடியது. தாம் வேர்ல்ட்-செக் என்ற அப்படிப்பட்ட ஒரு தரவுத்தளத்தில் ‘பயங்கரவாதம்’ என்ற தலைப்பின் கீழ் இருப்பதைப் பள்ளிவாசல்காரர்கள் பிறகுதான் கண்டுபிடித்தார்கள். வழக்குப் போட்டார்கள். 2017இல் அதன் உரிமையாளரான தொம்சன் ராய்ட்டர்ஸ் மன்னிப்புக் கேட்டு 10,000 பவுண்டு கொடுத்தது. தொம்சன் ராய்ட்டர்ஸின் தலைமையகம் ரொறன்ரோவில்.

கொழும்பு 2015 நவம்பரில் கனடியத் தமிழர் பேரவையைப் பட்டியலில் இருந்து எடுத்தது. 2021இல் மீண்டும் போட்டது. 2022 ஆகஸ்டில் மீண்டும் எடுத்தது. நான்கு வர்த்தமானிகள், ஒரே அமைப்பு. தனியார் தரவு நிறுவனங்கள் இந்த நான்கில் எதை எப்போது தங்கள் கணினியில் ஏற்றின, எதை ஏற்றாமல் விட்டன என்று அந்த அமைப்பிடம் சொல்லவேண்டிய கடமை எந்தக் கட்டண தளத்துக்கும் இல்லை.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.